ஆறாவது பெயர்

மண்ணூர்
4 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அண்ணிக்கு மஞ்சுளா எழுதிக்கொள்வது. இங்கே அத்தை, மாமா, உங்கள் தம்பி, நான் எல்லோரும் சுகம். உங்களுக்கு அந்தச் சளி விட்டதா? புவனேஸ்வரத்தில் மழை அதிகம் என்று செய்தியில் சொன்னார்கள், தலையை ஈரமாக வைத்துக்கொண்டு திரியாதீர்கள்.

போனில் சொல்லலாம்தான். ஷிப்ட் முடியும் வரை போன் லாக்கரில் இருக்கும். வீட்டுக்கு வந்தால் அத்தை ஸ்பீக்கரில் போட்டுத்தான் உங்களிடம் பேசுவார்கள். அதனால் தபால்.

நம் ஆய்வுக் கட்டுரை இணையத்தில் வந்ததை நேற்று, லைனில் என்னோடு வேலை செய்கிற மாரிசெல்விதான் காட்டினாள். சேரப்பணஞ்சேரி ஹாஸ்டலே கேட்கிற மாதிரி, "ஏட்டி, ஒம் பேரு இங்கிலீஷ்ல வந்திருக்குட்டி!" என்று கத்தினாள். டாக்டர் சுகப்பிரியா முதலில், நீங்கள் இரண்டாவது, ஆறாவதாகத் தா. மஞ்சுளா. ரேஷன் கார்டில் உங்கள் தம்பி இனிஷியல் ஏறிவிட்டது. கம்பெனி கார்டில் இன்னும் அப்பா தாண்டவராயன் இனிஷியல்தான். நீங்களும் அதையே போட்டிருக்கிறீர்கள். அப்பாவிடம் காட்ட ஆசை. இப்போது முடியாது, வீட்டில் தெரிந்துவிடும்.

"விரல்களில் உணர்வின்மை உள்ளதா" என்று நீங்கள் எழுதிக் கொடுத்த கேள்விக்கு ஒருத்திகூட ஆமாம் என்று சொல்லவில்லை. எனக்குப் பயமாகப் போய்விட்டது. "பூ கட்டினா நார் விரல்ல தெரியுதா?" என்று நான் மாற்றிக் கேட்ட பிறகுதான் ஒவ்வொருத்தியாகச் சொன்னார்கள். கண்ணாடி துடைக்கிற கெமிக்கலில் நாள் முழுக்கக் கை வைக்கிற அறுபத்து நாலு பேரில் இருபத்து மூன்று பேருக்கு நார் தெரியவில்லை. அந்தக் கேள்வியை அப்படியே போட்டதற்கு நன்றி அண்ணி.

உங்கள் தம்பியிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் மாமா காதுக்குப் போகும், வேலையை விடு என்பார்கள். எழுத்து கோணலாக இருக்கிறது, பேனா சரியில்லை.

வணக்கத்துடன்,
மஞ்சுளா


புவனேஸ்வரம்
29 ஆகஸ்ட் 2024

அன்பு மஞ்சுளா,

சளி விட்டுவிட்டது, இருமல் மட்டும் மிச்சம். நீ சரியாகச் சாப்பிடுகிறாயா?

ஒரு விஷயம். கட்டுரைக்கு இரண்டாம் பதிப்பு ஏற்றிவிட்டேன். அதில் உன் பெயர் இல்லை. உங்கள் கம்பெனியிலிருந்து யாரோ இந்தக் கட்டுரையைப் பற்றி விசாரித்ததாகச் சுகப்பிரியா சொன்னாள். எனக்குத் தூக்கமே போய்விட்டது. உன்னிடம் கேட்டுவிட்டுச் செய்ய அவகாசம் இல்லை. உன் நன்மைக்குத்தான்.

முதல் பதிப்பை அழிக்க முடியாது, அங்கேயே கிடக்கும். ஆனால் பக்கத்தைத் திறந்தால் இரண்டாவதுதான் வரும். பழையதை யாரும் தேடிப் போகமாட்டார்கள். வசந்துக்கு ஒன்றும் தெரிய வேண்டாம். பதில் போடு.

அன்புடன்,
தென்றல்


புவனேஸ்வரம்
2 செப்டம்பர் 2024

அன்புள்ள வசந்துக்கு,

நலம், நலமறிய ஆவல். அம்மாவின் முழங்கால் எப்படி? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா, ஜேபியில் வைத்துக்கொண்டு சுற்றுகிறாரா?

உன்னிடம் ஒரு உதவி. மெயிலாகவே எழுதுகிறேன், போனில் சொன்னால் சரி சரி என்று சொல்லிவிட்டு மறந்துபோவாய். ஆய்வேட்டை லேடெக் மென்பொருளில் தட்டிவிட்டேன். நூற்பட்டியல்தான் உதைக்கிறது. அதில் பதினொன்று முன்பதிப்புகள். இதழ்காரர்கள் சரிபார்த்து அச்சிடும் முன்பே இணையத்தில் போடுகிற கட்டுரைகள் என்று உனக்கே தெரியும். பட்டியலின் வடிவத்தை முடிவு செய்கிற ஸ்டைல் ஃபைலுக்கு முன்பதிப்பு என்றாலே என்னவென்று தெரியவில்லை. எல்லாவற்றையும் 'இதர' என்கிற கூடையில் போட்டு, எங்கே வந்தது, எந்தப் பதிப்பு என்பதையெல்லாம் முழுங்கிவிடுகிறது. முன்பதிப்பு என்ற சொல், பதிப்பு எண், தேதி மூன்றும் கட்டாயம் தெரிய வேண்டும் என்கிறது எங்கள் நிறுவன விதி.

உன் அச்சுக்கோர்ப்பு ஆபீஸில் நாள் தவறாமல் இதைத்தானே செய்கிறீர்கள்? அக்காவுக்கு ஒரு ஸ்டைல் ஃபைல் செய்து கொடு. நவம்பர் முதல் வாரம் சமர்ப்பிக்க வேண்டும்.

மஞ்சுளாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அக்கா


மண்ணூர்
9 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே அனைவரும் சௌக்கியம். அம்மாவின் முழங்கால் மழை வருமா வராதா என்று முன்கூட்டியே சொல்கிறது. அப்பாவின் மாத்திரை ஜேபியில்தான்.

டாக்டர் பட்டம் வாங்கப் போகிறவள் கடைசியில் ஐடிஐ படித்த தம்பியிடம்தானே வந்தாய்! செய்கிறேன். இந்த ஸ்டைல் ஃபைல் எழுதுகிற மொழி ஒரு மாதிரி. பொருளை முதலில் வைக்க வேண்டும், என்ன செய்வது என்பதைக் கடைசியில் சொல்ல வேண்டும். பெயர், தலைப்பு, ஆண்டு, அப்புறம் 'எழுது'. எங்கள் ஆபீஸில் வடக்கத்திப் பையன்கள் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். நான் மட்டும் இது தமிழ் மாதிரித்தானே என்று ஓட்டிவிடுவேன். முன்பதிப்புக்கென்று தனி வகை ஒன்று உருவாக்கி, பதிப்பு எண்ணுக்கு ஒரு கட்டம் வைக்கிறேன். கட்டுரை விவரங்களைத் தட்டி வைத்திருக்கிற பிப் ஃபைலை அனுப்பு.

மஞ்சுளா வாயைத் திறப்பதில்லை. தபாலில் உன் கடிதம் வந்த நாளிலிருந்து இப்படி. என்ன எழுதினாய்? கேட்டால் "ஒண்ணுமில்ல, ஷிப்ட் அலுப்பு" என்கிறாள். இரண்டு நாளாகக் காலையில் டம்ளர் கையை விட்டு நழுவுகிறது. தண்டலத்தில் கம்பெனி பஸ் பிடிக்க அவ்வளவு அவசரம்.

இப்படிக்கு,
வசந்தகுமார்


புவனேஸ்வரம்
20 செப்டம்பர் 2024

அன்பு வசந்த்,

நலம். பிப் ஃபைல் இணைத்திருக்கிறேன்.

பத்து முன்பதிப்புகளுக்கு எல்லாப் பெயரும் இருக்கிறது. சுகப்பிரியா கட்டுரைக்கு மட்டும் அவள் பெயரைப் போட்டு 'மற்றும் பிறர்' என்று விட்டிருக்கிறேன். எல்லாப் பெயரையும் தட்ட நேரமில்லை. அது அப்படியே இருக்கட்டும், அதை நோண்டாதே.

மஞ்சுளாவுக்குச் சும்மா ஒரு ஆய்வு விஷயமாக எழுதினேன், வேறொன்றும் இல்லை. எனக்குப் பதில் போடச் சொல்.

அன்புடன்,
அக்கா


புவனேஸ்வரம்
14 அக்டோபர் 2024

அன்பு மஞ்சுளா,

நீ சுகம்தானே? ஆறு வாரமாகிறது, ஒரு வரி இல்லை. கோபமா? கோபப்பட்டாலும் சரி, வேலை நிலைத்திருந்தால் போதும் எனக்கு. நீ கூடிய சீக்கிரம் புரிந்துகொள்வாய்.

தென்றல்


மண்ணூர்
3 நவம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

அனைவரும் நலம். தீபாவளிக்கு நீ இல்லாமல் அதிரசம் செய்தோம். அம்மா உன் பங்கை டப்பாவில் எடுத்து வைத்து, எறும்புக்குக் கொடுத்தாள். உன் இருமல் நின்றதா?

வேலை முடிந்தது. ஸ்டைல் ஃபைல், பிப் ஃபைல், முழு ஆய்வேட்டின் பிடிஎஃப் எல்லாம் இணைத்திருக்கிறேன். அப்படியே பிரிண்ட் கொடுக்கலாம். முன்பதிப்பு என்ற சொல் தலைப்புக்குப் பின்னால் அடைப்புக்குறியில் வரும். அடுத்து கட்டுரை ஏறியிருக்கிற இணையக் களஞ்சியத்தின் பெயர், பதிப்பு எண், தேதி. பதிப்பு எண் இல்லாவிட்டால் அது இருந்த இடத்தில் காற்புள்ளி அநாதையாக நிற்கும், அதற்கும் வழி செய்துவிட்டேன். இரண்டு கட்டுரைகள் பின்னால் இதழிலேயே வந்துவிட்டன, அவற்றுக்கு இரண்டு முகவரியும் வரும்படி வைத்தேன். இதைச் செய்யத்தான் மூன்று ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

சுகப்பிரியா கட்டுரையை நோண்டாதே என்றாய். கோபிக்காதே, நோண்டினேன். எல்லா ஆசிரியர் பெயரும் வேண்டும் என்று உன் நிறுவன விதியிலேயே இருக்கிறது. பட்டியலில் 'மற்றும் பிறர்' வந்தால் மூலத்தைத் தேடிப் பெயர்களை நிரப்பு என்பதுதான் எங்கள் ஆபீஸில் முதல் பாடம். உனக்கு நேரமில்லை என்றால் தம்பி எதற்கு இருக்கிறான்? போய்ப் பார்த்தால் முதல் பதிப்பில் ஆறு பேர், இரண்டாவதில் ஐந்து பேர். எதைப் போடுவதென்று குழம்பினேன். மஞ்சுளா அப்போது காபி கொண்டுவந்தாள், பேச்சுவாக்கில் அவளிடம் கேட்டுவிட்டு ஆறு பேர் உள்ள முதல் பதிப்பையே போட்டேன். உன் அட்டவணையில் உள்ள எண்களும் முதல் பதிப்பிலேயே இருக்கின்றன. அந்த ஆறாவது ஆளும் ஒரு மஞ்சுளா, இனிஷியல்தான் வேறு. "ஒன் பேர்ல ஒரு விஞ்ஞானி கீறாங்க பாரு" என்றேன். சிரிக்கவில்லை.

அவளுக்கு இப்போது சம்பாதிக்கிற திமிர் என்று அம்மா கிண்டல் செய்கிறாள். முன்பெல்லாம் உதிரிப்பூ வாங்கி வந்து தானே கட்டுவாள், இப்போது கட்டிய பூவை முழம் போட்டு வாங்குகிறாள்.

இப்படிக்கு,
வசந்தகுமார்


புவனேஸ்வரம்
6 நவம்பர் 2024

அன்பு வசந்த்,

ஃபைல் கிடைத்தது, பிரிண்ட் எடுத்தாயிற்று, இன்று காலை சமர்ப்பித்தாயிற்று! நூற்பட்டியல் பளிச்சென்று இருப்பதாக அலுவலகத்தில் சொன்னார்கள். உன் நீளக் கடிதத்தைப் பிறகு ஆற அமரப் படிக்கிறேன், இப்போது தூங்கினால் போதும் என்றிருக்கிறது. அம்மா அப்பாவிடம் சொல். மஞ்சுளாவிடமும்.

அக்கா


மண்ணூர்
27 ஜனவரி 2025

அக்கா,

அம்மாவும் அப்பாவும் நலம். மற்றதைக் கீழே எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை மஞ்சுளாவை லைனிலிருந்து பாதியில் எச்.ஆர். ரூமுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். உன் ஆய்வேட்டின் கடைசிப் பக்கங்களில் ஒன்று மேசைமேல் இருந்ததாம். நான் செய்த நூற்பட்டியல். ஆறாவது பெயரில் மஞ்சள் மை. உன் வெளித் தேர்வாளர்களில் ஒருவர் இந்தப் பக்கத்துக் கம்பெனிகளுக்கு ஆலோசகராமே, உனக்குத் தெரியாதா? "இது நீயா?" என்று கேட்டிருக்கிறார்கள். சஸ்பெண்ட் செய்து அனுப்பிவிட்டார்கள். அது தானில்லை என்று பிப்ரவரி பத்துக்குள் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் மறுபடி சேர்த்துக்கொள்வார்களாம். இல்லாவிட்டால் வேலை போயிற்று.

அந்த எச்.ஆர். மேனேஜர் சங்கரநாராயணன் கெட்டவர் இல்லை போலிருக்கிறது. "மஞ்சுளான்னு எத்தனையோ பேர்மா, இல்லைன்னு எழுதிட்டுப் போயேன்" என்று இரண்டு தடவை சொன்னாராம்.

பதினொரு வருடமாகக் கட்டுரைகளில் புள்ளியும் காற்புள்ளியும் பார்க்கிறவன் நான். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று ஒருநாளும் படித்ததில்லை. சனிக்கிழமைதான் உங்கள் கட்டுரையை முழுக்கப் படித்தேன். பூ கட்டுகிற கேள்வி வந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். என் வீட்டில் முழம் பூ வாங்குகிறார்கள், நான் அதைத் திமிர் என்று உனக்கு எழுதி அனுப்பியிருக்கிறேன்.

நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து எனக்கு மறைத்தீர்கள். என் கையாலேயே என் பெண்டாட்டி வேலைக்கு உலை வைக்க வைத்தாய். ஏன் அந்த 'மற்றும் பிறர்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதைத் தொட்டிருப்பேனா?

வசந்தகுமார்


புவனேஸ்வரம்
28 ஜனவரி 2025

வசந்த்,

நோண்டாதே என்று எழுதியிருந்தேனே! அக்கா சொன்னால் ஒரு தடவையாவது கேட்டுத் தொலைத்தால் என்ன? அந்தக் கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டாயா?

மேலே உள்ளதைக் காலையில் எழுதினேன். அழிக்க மனமில்லை, நான் அப்படித்தான் நினைத்தேன் என்று உனக்குத் தெரியட்டும். பிறகுதான் உன் நவம்பர் கடிதத்தைத் திறந்து படித்தேன். இப்போதுதான் முதல் தடவை. ஆறு பேர் போட்டேன் என்று தெளிவாக எழுதியிருக்கிறாய். அன்றைக்குக் கடைசி வரை படித்திருந்தால் அந்தப் பக்கத்தை மட்டும் மாற்றியிருப்பேன், பத்து நிமிட வேலை. தேர்வாளர் யார் என்று எங்களுக்கு முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். ஆனால் அது சாக்கு. என் தம்பி எழுதியதைப் படிக்காதவள் நான்.

நடந்தது நடந்துவிட்டது, இனி ஆவதைப் பார்ப்போம். யோசித்துவிட்டேன். இணைப்பில் ஒரு கடிதம் இருக்கிறது: "நூற்பட்டியலின் ஸ்டைல் ஃபைலைத் திருத்தும்போது நேர்ந்த தொழில்நுட்பப் பிழையால், ஆய்வோடு தொடர்பில்லாத ஒருவரின் பெயர் சேர்ந்துவிட்டது." கீழே அச்சுக்கோர்ப்பாளர் என்று நீ கையெழுத்துப் போட வேண்டும். நானும் ஆய்வாளர் என்று போடுகிறேன். ஆய்வேட்டில் திருத்தம் கேட்டு இங்கேயும் மனு கொடுக்கிறேன். உன் பெயரில் ஒரு பிழை ஏறும், ஆபீஸில் தெரிந்தால் கேள்வி வரும். மஞ்சுளாவுக்கு வேலை நிலைக்கும். பத்தாம் தேதிக்குள் கொண்டுபோய்க் கொடு, உன் காலில் விழுகிறேன்.

அவள் கையை டாக்டரிடம் காட்டு. கை எப்படி இருக்கிறது? ஏன் எனக்கு யாரும் சொல்லவில்லை?

அக்கா


மண்ணூர்
11 பிப்ரவரி 2025

அன்புள்ள அண்ணிக்கு,

எல்லோரும் இருக்கிறோம். அத்தைக்கு விஷயம் தெரிந்து இரண்டு நாள் பேசவில்லை, நேற்று ரசம் ஊற்றும்போது பேசிவிட்டார்கள். நீங்கள் சாப்பிடுவதில்லை என்று சுகப்பிரியா டாக்டர் சொன்னார், சாப்பிடுங்கள்.

எழுத்து யாருடையது என்று பார்த்ததும் தெரிந்திருக்கும். நான் சொல்லச் சொல்ல அவர் எழுதுகிறார். நான் சொல்வதை மாற்றாமல் எழுத வேண்டும் என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன். என் பேனாவில் கோளாறு ஒன்றும் இல்லை அண்ணி, ஆகஸ்டிலும் இல்லை.

நீங்கள் அனுப்பிய கடிதத்தில் அவர் கையெழுத்துப் போட்டார். ஆபீஸ் முத்திரைகூட வைத்தார். ஐந்தாம் தேதி என்னைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு கம்பெனி கேட் வரை கொண்டுபோனார். கேட்டில் இறங்கி அதை வாங்கிப் படித்தேன். ஆய்வோடு தொடர்பில்லாத ஒருவர் என்று இருந்தது. அறுபத்து நாலு பேரிடம் பஸ்ஸிலும் ஹாஸ்டலிலும் கேண்டீன் வரிசையிலும் கேட்டது யார்? நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன், கொடுக்கவில்லை.

அவரைத் திட்டி எழுதியிருந்தீர்கள். இனித் திட்டாதீர்கள். அன்றைக்கு என்ன நடந்ததென்று அவர் உங்களுக்குப் பாதிதான் எழுதியிருக்கிறார். காபி வைக்கப் போனேன். "மஞ்சு, ஒண்ணுல ஆறு பேர் கீறாங்க, ஒண்ணுல அஞ்சு பேர். இன்னா பண்றது?" என்றார். எட்டிப் பார்த்தேன். "வேல செஞ்சவங்க பேரு எதுல கீதோ அதப் போடுங்க" என்றேன். "அப்போ ஆறா?" என்றார். ஆறு என்றேன். யார் அந்த ஆறாவது ஆள் என்று எனக்குத் தெரியும், போட்டால் என்ன ஆகுமென்றும் தெரியும். அவருக்குத்தான் தெரியாது.

நீங்கள் என் நன்மைக்காகத்தான் எடுத்தீர்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் எடுத்த பிறகு சொன்னீர்கள். போடட்டுமா வேண்டாமா என்று என்னைக் கேட்டவர் இவர் ஒருத்தர்தான். அதுவும் தெரியாமல் கேட்டார். இதை எழுதும்போது அழுகிறார், தாளில் பட்டிருந்தால் கண்டுகொள்ளாதீர்கள்.

நேற்று பத்தாம் தேதி. சங்கரநாராயணன் சார் வெள்ளைத் தாளும் பேனாவும் வைத்தார். அது நான் இல்லை என்று ஒரே வரி எழுதச் சொன்னார். பேனா இரண்டு தடவை நழுவியது. எடுத்துக் கொடுத்தார். அது நான்தான் என்று எழுதினேன். அந்த ஒரு வரிக்குக் கால் மணி நேரம் ஆனது, அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். தாளை வாங்கிக்கொண்டு, கார்டைக் கழற்றிக் கொடுக்கச் சொன்னார். மாரிசெல்வியும் இன்னும் பதினேழு பேரும் ஷிப்ட் முடிந்து கேட்டில் நின்றார்கள். எங்கள் பெயரும் போடுவார்களா என்று கேட்டாள் ஒருத்தி. எனக்குப் பயமாகவும் இருக்கிறது, அண்ணிக்கு எழுதிக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

ஸ்ரீபெரும்புதூர் டாக்டர் சென்னைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். திங்கட்கிழமை போகிறோம். நரம்பு திரும்புமா என்று கேட்டதற்கு, கெமிக்கலை விட்டுவிட்டீர்கள் அல்லவா, பார்ப்போம் என்றார்.

ஒரு வேலை இருக்கிறது. கேட்கிறவள் கணக்கில் வரக்கூடாது என்று நீங்கள் சொன்னதால் என்னை நான் எண்ணவில்லை. மூன்றாம் பதிப்பு போடுங்கள். கேள்வி கேட்டவளும் அதே லைன்தான் என்று அதில் சொல்லிவிட்டு எண்ணுங்கள். அறுபத்தைந்து பேரில் இருபத்து நாலு பேருக்கு நார் தெரியவில்லை. பெயர் ஆறு. நூற்பட்டியலில் பதிப்பு எண் மூன்று என்று மாற்றினால் போதும், மற்றதைத் தன் ஃபைல் பார்த்துக்கொள்ளும் என்கிறார் இவர்.

கீழே பெயரை மட்டும் நானே எழுதுகிறேன். நேரமாகும், அவர் காத்திருப்பார்.

தா. மஞ்சுளா